கூப்பிட ஆளில்லாத இடம்

என் நாத்தனார் கொளஞ்சிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாவு வீட்டுக்குப் போனால்கூடக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு எழுந்துபோய், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். என் கணவரின் அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கதிர்காமத்தில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சந்தில் இருக்கின்றன.

அவர் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபோது, திறப்பார்கள் திறப்பார்கள் என்று அவர் டீக்கடை பெஞ்சில் காத்துக்கிடந்தார். அண்ணி காத்திருக்கவில்லை. கொய்யாப்பழக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். இன்றுவரை அங்கேதான். கொய்யா கிடைக்காத நாட்களில் வெள்ளரிப்பிஞ்சு, மழைக்காலத்தில் அவித்த கடலை. நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஏறி, இரண்டு பேரிடம் விற்றுவிட்டு, வளைவில் திரும்புவதற்குள் இறங்கிவிடுவார். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை என்பதால் பஸ்ஸின் பலகையைப் படிக்க வராது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. ஒவ்வொரு பஸ்ஸின் வாசலிலும் ஒருவர் நின்று, "விழுப்புரம் விழுப்புரம் விழுப்புரம்" என்றோ "கடலூர் செதம்பரம்" என்றோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாரே.

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு நல்லது, எது மோசம் என்று அண்ணிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கட்டடத்தைப் பற்றிச் சொல்லவே மாட்டார். "பொம்பள ஒதுங்க எடம் இருக்கணும். கேட்டா பதில் சொல்ல ஒரு வாய் இருக்கணும். கூர இல்லன்னா என்னா, நனஞ்சா காஞ்சிடும்" என்பார்.

அவருடைய ஒரே மகள் ஹேமலதாவை மதகடிப்பட்டுப் பக்கத்துப் பையன் வெற்றிவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குப் பூனாவில் கார் கம்பெனியில் வேலை. ஹேமலதா முழுகாமல் இருந்தபோது ரத்தக்கொதிப்பு வந்து, பயணமே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்காமல் போகிறதே என்று அண்ணிக்கு ஆற்றாமை. சந்தில் யாராவது, "பொண்ண எப்ப கூட்டியாறப் போற?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். "அவ வரலன்னா இன்னா, நான் அங்க போயி நிக்கறேன். ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி என் மொகத்தப் பாத்துட்டுத்தான் போவணும்" என்று மகளிடம் போனில் சத்தியம் செய்திருந்தார். ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். எனக்கும் சேர்த்துத்தான். எட்டாவது வரை படித்தவள் என்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கூடப் போவதாக ஏற்பாடு.

ரயிலுக்கு நாள் இருக்கும்போதே, ஒரு காலையில் வெற்றிவேல் போன் செய்தான். வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, சாயங்காலம் ஆபரேஷன் என்றான். "அத்த, பிளைட்டு போட்டுட்டேன். நம்ம ஊர்லயே ஏறலாம். நடுவுல எறங்கி வேற பிளைட்டு மாறணும், அவ்ளோதான்."

நம் ஊர் விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. எத்தனையோ முறை அந்தச் சாலையில் போயிருக்கிறோம், உள்ளே நுழைந்தது அன்றுதான். சாமிக்கண்ணு அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். சோதனை போடும் இடத்தில் அண்ணியின் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள் காக்கி உடுப்புப் பெண்.

"ஆயா, இத உள்ள எடுத்துனு போவ முடியாது."

"இன்னிக்கி சாயங்காலந்தாம்மா ஆயா ஆவப் போறேன். அதுக்குள்ள நீ ஏன் அவசரப்படற?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "வெளியில நிக்கறது உங்க ஊட்டுக்காரரா? அவருகிட்ட குடுக்கச் சொல்றேன்" என்று ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாமிக்கண்ணு அண்ணன் பாக்குவெட்டியை வாங்கிக்கொண்டு, எங்களை நோக்கி அதையே தூக்கி ஆட்டினார். விமானம் வந்ததும் ஒருவர் எழுந்து நின்று கை தட்டி, "வாங்க, எல்லாரும் வரிசையா வாங்க" என்றார். வெயிலில் நடந்துபோய் ஏறினோம். மரியாதைதான் அதிகமே தவிர, நம் பஸ் ஸ்டாண்டு மாதிரியே இருக்கிறது என்றார் அண்ணி.

நடுவில் இறங்கிய ஊரின் விமான நிலையம் அப்படி இல்லை. அழகுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. சுவரில் செடி வளர்த்திருந்தார்கள். தரையில் எங்கள் முகம் தெரிந்தது. வழுக்குமோ என்று அண்ணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கடைகளுக்கு நடுவிலேயே பாதை வளைந்து வளைந்து போனது. போகும் இடத்துக்குப் போகிறோமா, கடை பார்க்கப் போகிறோமா என்று புரியவில்லை. செண்டு வாசனை தலையைப் பிடித்தது. கழிப்பறையில் குழாய்க்குத் திருகே இல்லை. அண்ணி அதைத் தட்டினார், அமுக்கினார், கும்பிடுகூடப் போட்டார். பக்கத்தில் ஒரு பெண் கையை நீட்டியதும் அவளுக்கு மட்டும் தண்ணீர் வந்தது.

எங்கள் விமானச் சீட்டில் போட்டிருந்த எண்ணை ஒவ்வொரு பலகையிலும் தேடித் தேடி, அந்தக் கேட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கிருந்த டிவியிலும் பூனா என்ற எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு அண்ணியை உட்கார வைத்தேன். நாற்காலி மெத்தை மாதிரி இருந்தது. அண்ணி விளிம்பில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இவ்ளோ ஜனம் இருக்கு, ஒரு சத்தங்கூட இல்ல பாரு தாமர" என்றார். என் பெயர் தாமரைச்செல்வி. "கல்யாண மண்டபம் மாரி இருக்கு. பந்தி எங்கன்னு சொல்லத்தான் ஆளில்ல."

"நேரமானா கூப்புடுவாங்க அண்ணி."

நானும் அப்படித்தான் நம்பினேன். நம் ஊரில் கூப்பிட்டார்களே. சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு போனில் குனிந்திருந்தார்கள். எதிரில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதை அடைத்தபடி ஒரு தடித்த மனிதர். அவருக்குப் பக்கத்தில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி, இரட்டைப் பிள்ளைகளோடு. பிள்ளைகள் ஒருவர் தலைமுடியை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெற்றிவேல் போன் செய்தான். "அத்த, எங்க இருக்கீங்க? டாக்டரு சீக்கிரமே பண்ணிடலாம்ன்றாங்க. ஹேமா உங்களத்தான் கேட்டுனே இருக்குது."

"தோ, ஏறப் போறோம் மாப்ள. நான் வந்துனு இருக்கேன்னு சொல்லு. பயப்படாதன்னு சொல்லு."

போனை வைத்த பிறகு அண்ணி உட்காரவே இல்லை. கண்ணாடிக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். வெளியே ஒரு விமானமும் வந்து நிற்கவில்லை. பச்சைப் புடவைக்காரி போனைப் பார்த்துவிட்டுத் திடுக்கென்று எழுந்து, பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு போனாள். டீ குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு செருப்புக்கு மேல் வெள்ளிக் கொலுசு போட்டிருந்த கிழவி போனாள். அவளோடு வந்தவர்களும் போனார்கள். பைகளையும் எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன். பூனா இல்லை. வேறேதோ நீளமான ஊர்ப் பெயர்.

கேட்டுக்குப் பக்கத்து மேசையில் யாரும் இல்லை. தூரத்தில் கோட்டு போட்ட ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கேட்க வேண்டும். எந்த பாஷையில் கேட்பது?

"இன்னாடி, மொகம் ஏன் இப்டி போவுது?"

"அண்ணி... பூனான்னு இருந்தது இப்ப இல்ல. பேரு மாறிப் போச்சி."

"வண்டி போயிடுச்சா?"

"தெரில அண்ணி."

"யாரும் கூப்புடலையே!"

"கூப்புட மாட்டாங்க போலருக்கு."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டினார். முந்தானையை இழுத்துச் செருகினார். அந்தப் பெரிய கூடத்தின் நடுவில் போய் நின்று, வாயருகே கையைக் குவித்தார்.

"பூனா! பூனா! பூனா! பூனா போறவங்க யாருப்பா இருக்கீங்க? பூனா வண்டி எங்க நிக்குது? பூனா பூனா பூனா!"

அந்தக் கண்ணாடிக் கூடமே அதிர்ந்தது. குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

தூரத்தில் போன கோட்டுக்காரப் பெண் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அம்மா, அம்மா! நோ! இங்க சத்தம் போடக் கூடாது" என்றாள் கொஞ்சம் உடைந்த தமிழில். "இது சைலண்ட் ஏர்போர்ட். நாங்களே சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டோம்."

"நீ போட்டிருந்தா நான் ஏம்மா போடப் போறேன்?"

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது. கேட் மாறிவிட்டது, கீழே போக வேண்டும், மூடப் போகிறார்கள் என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் படபடவென்று பேசினாள். எதிரில் இருந்த தடித்த மனிதர் காதில் இருந்ததைப் பிடுங்கினார். "பூனாவா? கேட் மாறிடுச்சா? அய்யய்யோ, நானும் பூனாதாங்க!" என்று கம்ப்யூட்டரை மூடாமலேயே எழுந்தார்.

நாங்கள் நான்கு பேரும் ஓடினோம். நகரும் படிக்கட்டில் அண்ணி கால் வைக்க மறுத்து, பக்கத்துச் சாதாரணப் படியில் எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார். கீழே, விமானத்துக்குக் கொண்டுபோகும் கடைசிப் பஸ் கதவைத் திறந்துவைத்து நின்றது. பச்சைப் புடவைக்காரியின் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்தி எங்களைப் பார்த்தார்கள்.

"உங்க புண்ணியத்துல தப்பிச்சேன் பெரியம்மா" என்று தடித்த மனிதர் மூச்சு வாங்கினார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. "போன் போடு தாமர, போன் போடு" என்று என் தோளை உலுக்கினார். வெற்றிவேல் எடுக்கவில்லை. விமானத்தில் ஏறியதும் போனை அணைக்கச் சொன்னார்கள்.

பூனா வரைக்கும் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை எழுந்து நின்றார், இரண்டு தடவையும் விமானப் பணிப்பெண் வந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். இறங்கி போனைத் திறந்ததும் வெற்றிவேலின் குரல் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். நாங்கள் ஆகாயத்தில் இருந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணி தலையை ஆட்டினார். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஹேமலதா மயக்கம் பாதி தெளிந்து கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. அண்ணி பஞ்சைத் தண்ணீரில் தொட்டு அந்த உதட்டைத் துடைத்தார்.

"எப்பம்மா வந்த?"

"நீ உள்ள போறப்பவே வந்துட்டேன். கதவாண்டதான் நின்னுனு இருந்தேன்."

ஹேமலதா சிரிக்கப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வெற்றிவேல் என்னைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி அவனை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"உள்ள போறப்ப அழுதாளா மாப்ள?"

"இல்ல அத்த."

"பொய் சொல்லாத."

வெற்றிவேல் கீழே பார்த்தான்.

"கொஞ்சம்" என்றான்.