மடத்துவெளித் தரிப்பிடத்துக் கல் வாங்கு

இது நடந்தது. அதுவும் நட்ட நடுப் பகலில். இருட்டும் வரை காத்திருக்கும் மரியாதைகூட அந்தப் பேய்க்கு இருக்கவில்லை. நான் குடிப்பதில்லை. வான் வண்டியை ஓட்டியதும் நான்தான். புறப்படும்போது உள்ளே மூன்று பேர் இருந்தோம். திரும்பும்போது எத்தனை பேர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் அக்காவின் கணவர் தில்லைநாதன் கனடாவில் இருந்து வந்திருந்தார். கூடவே மகள் நிலக்சனா. கல்யாணமாகி நீண்ட காலத்துக்குப் பிறகு அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஆறாம் மாதம். நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்கத்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டோம்.

ஆனால் அத்தானுக்கு அம்மனுக்கும் முந்திய ஒரு தெய்வம் இருந்தது. தன் அப்பா. புங்குடுதீவு மடத்துவெளியில், பஸ் நினைத்த நேரத்துக்கு வருகிற வீதியில், அப்பாவின் பேரில் அத்தான் ஒரு தரிப்பிடம் கட்டியிருந்தார். "அமரர் சமூகஜோதி நடராசா ஞாபகார்த்தப் பேருந்துத் தரிப்பிடம்." பெயர் முகப்பில் ஒரு தரம், தூணில் ஒரு தரம், உள்ளே ஆட்கள் உட்காரும் கல் வாங்கில் ஒரு தரம். வெயிலுக்கு ஒதுங்குகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நடராசாவிடம் இருந்து தப்ப ஏலாது.

அல்லைப்பிட்டியில் இளநீர் குடிக்கும்போதும் அதே கதைதான்.

"திறப்பு விழாவுக்கு ட்ரோன் விட்டனான். வீடியோ பாத்தனீரே?"

"பாத்தனான் அத்தான். எல்லாம் வந்தது. பஸ் மட்டும்தான் வரேல்லை."

அவர் சிரிக்கவில்லை.

மடத்துவெளியில் இறங்கியபோது உச்சி வெயில். நிலக்சனா அந்த வாங்கில் போய் இருந்தாள். அத்தான் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"பழைய கல்லு ஒண்டு இதில சும்மா நிண்டது. இடிச்சுக் கவிழ்த்து வாங்காப் போட்டு, மற்றப் பக்கத்தில அப்பாவின்ர பேரை வெட்டுவிச்சனான். எப்பிடி?"

நிலக்சனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, இதில இருக்கப் பாரமே தெரியேல்லை."

"என்ன பாரம் பிள்ளை?"

"வயிறுதான். உள்ளுக்கு ஒண்டுமே இல்லாத மாதிரி..."

நல்ல கல் என்று அத்தான் பெருமைப்பட்டார்.

மறுபடி ஏறினோம். அப்பாவும் மகளும் பின்னால். எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமை. வான் நகர்ந்ததும்...

டிங்... டிங்... டிங்...

பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. ஆனால் அங்கே ஆளில்லை. ஒரு பைகூட இல்லை. ஏதோ பழுது என்று நினைத்து, பெல்ட்டை இழுத்துக் கொளுவினேன். மணி நின்றது.

வெறும் இருக்கையில் பெல்ட் முதுகுப்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டும்தானே?

கிடக்கவில்லை.

ஒரு சாண் முன்னால் வளைந்து நின்றது. வட்டமாக... ஒரு வயிற்றைச் சுற்றிக் கட்டியது போல.

நான் தொடர்ந்து ஓட்டினேன். அத்தானிடம் சொன்னால் கனடா வான்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டிவரும்.

நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில் தேத்தண்ணிக் கடை. நிலக்சனாவின் முகம் வெளிறியிருந்தது.

"மாமா... பிள்ளை துடிக்கேல்லை. அந்த வாங்கால எழும்பின நேரம் தொடக்கம்..."

இனிப்பு உள்ளே போனால் துடிக்கும் என்று கடைக்காரச் சரோஜினிதேவி அக்கா சீனி அள்ளிப் போட்டுப் பால் கொடுத்தார். குடித்தாள். காத்திருந்தோம். அசைவில்லை.

"எந்த வாங்கில பிள்ளை இருந்தனீர்?" என்று கேட்டார் கடைக்கார அக்கா.

சொன்னாள். கடைக்கார அக்காவின் முகம் மாறியது.

"ஐயோ, அது சுமைதாங்கியெல்லோ! வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு நட்ட கல்லு. தலைச்சுமையோட வாறவை அதில இறக்கி வைச்சு ஆற, அவளின்ர பாரம் குறையுமெண்டு நட்டது."

"மூடநம்பிக்கை," என்றார் அத்தான்.

"ஓம் அண்ணை. அதுதான் அவளைக் குப்புறப் போட்டு, மேல பேரும் வெட்டினனீங்களாக்கும்."

"இடிக்கேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"சொன்னனாங்கள். நீங்கள் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இப்ப நிண்டு கதையாதேங்கோ. பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. போற வழியில அந்தக் கல்லை நிமித்திப்போட்டுப் போங்கோ."

வானைத் திருப்பினேன். பெல்ட் இன்னும் வளைந்தே இருந்தது. மடத்துவெளி நெருங்கியது.

"நிப்பாட்டாதையும்," என்றார் அத்தான்.

நான் நிறுத்தவில்லை.

வான் நின்றது.

எஞ்சின் இரைந்தது. சில்லு சுற்றவில்லை. இடப்பக்கம் மெல்ல மெல்லச் சரிந்தது... ஆளில்லாத பக்கம்.

கிர்ர்ர்...

பெல்ட் இறுகியது. பின்னால் நிலக்சனா "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்தாள்.

"அத்தான், இறங்குங்கோ. கல்லை நிமித்துவம்."

"அப்பாவின்ர பேர் மண்ணுக்குள்ள போயிடுமே..."

"பேரப்பிள்ளை போயிடும்!"

"பேரை மட்டும் வேறையா வெட்டி எடுத்து..."

கிர்ர்ர்ர்...

நிலக்சனா அலறினாள். அவர் இறங்கி ஓடினார்.

வானைத் தூக்கிச் சில்லு மாற்றும் ஜக்குக் கம்பியால் நான் கல்லை நெம்பினேன். சீமெந்து விட்டது. கல்லின் ஒரு முனையை அவர் தோளில் ஏந்தி நிமிர்ந்தார்.

ஒரு கணம் அப்படியே நின்றார்.

பிறகு அவருடைய முழங்கால் மடிந்தது... மேலே யாரோ ஏறி இருந்தது போல.

கல் புரண்டது. பெயர் மண்ணில்.

வானுக்குள்...

டக்.

பெல்ட் தானாகக் கழன்று சுருண்டது.

"மாமா... துடிக்குது!"

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் ஆசுப்பத்திரியில். கனடாவில் சுகமாகப் பிறந்தது. பெண். கல்லை ஊரார் பழையபடி நட்டுவிட்டார்கள்.

அத்தான் மட்டும் அன்றைக்குப் பிறகு தலையை நிமிர்த்தியதில்லை. தாடை நெஞ்சில் முட்ட, நிலத்தைப் பார்த்தே நடக்கிறார். எல்லா எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தும் எலும்பில் ஒரு குறையும் இல்லையாம். ஊர்ச் சங்கத்தில் அவருடைய பணிவைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் குனிந்தபடியே வாங்கினார்.

போன மாதம் குறிகட்டுவான் போனேன். அந்தக் கல்லுக்குரிய பெண் யார் என்று சரோஜினிதேவி அக்காவிடம் கேட்டேன்.

"நடராசா ஐயாவின்ர மூத்த தாரம். நிறைவயித்தோட விறகு சுமந்து வந்து அதில விழுந்தவ. மனுசன் பின்னால சைக்கிள்ள வந்தவராம், கை வீசிக்கொண்டு. செத்தவீட்டுத் துடக்குக் கழியமுன்னம் மற்றக் கலியாணம் பேசினவர். கல்லைக்கூட ஊர்தான் நட்டது. உங்கட அத்தான் இளைய தாரத்தின்ர மகன். வீட்டில ஆர் இதைச் சொல்லுவினம்?"

அன்றே கனடாவுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அந்தக் கல்லு ஆருக்கு நட்டதெண்டால்..."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

நெரிபட்ட கழுத்தில் இருந்து வருகிற மூச்சு.

"அவதான். இன்னும் இறங்கேல்லை."