பரணில் ஏறிய ரோஸ்ட்

அப்பா யாரையும் எளிதில் நம்ப மாட்டார். கடைசி வாரத்தில், கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலின் காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அது நர்ஸ் சொன்ன தேதியா, நானே பார்த்த தேதியா என்று கேட்டார். நானே பார்த்தது என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

போன மாதம் அடக்கம் செய்தோம். டிசம்பர் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அப்பா செய்கிற ரோஸ்ட்டை இனி யார் செய்வது என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் பெயர் தேவானந்தம். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஸ்டோர் கீப்பர். வந்த சாமானை, கொண்டு வந்தவர் முன்னால் ஒருமுறை எண்ணுவார். அவர் போன பிறகு மறுபடியும் எண்ணுவார். வீட்டிலும் அதே பழக்கம்தான். பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவார். பிரஷர் குக்கரை எங்கள் வீட்டில் சேர்க்கவே இல்லை. மூடி வைத்துவிட்டு விசில் அடித்தால் உள்ளே வெந்துவிட்டது என்று எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து, கிண்டியில் அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தபோது, அப்பனுக்கேற்ற பெண் என்று அம்மா சிரித்தாள். அம்மாவின் பெயர் தபீதாள். அந்த வீட்டில் சிரிக்கிற வேலை முழுக்க அவளுடையது.

அப்பா அடுப்படிக்குள் வருவது ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு. அதுவும் பீஃப் ரோஸ்ட்டுக்கு மட்டும். ஷெட்டில் உடன் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய ஃபிட்டர் ஒருவரிடம் கற்றுக்கொண்டது.

கறி பல்லாவரத்தில் சேட்டு பாய் கடையில். பத்து ஆண்டுக்கு மேல் பழகிய கடைதான். ஆனாலும் கொழுப்பின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மஞ்சள் என்றால் மாடு, வெளுப்பு என்றால் எருமை. பின்தொடையில் ஒரே துண்டாக, மேலே விரல் கனத்துக்குக் கொழுப்போடு வேண்டும். திருப்பிப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். ஒரு தடவை சேட்டு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாரி பாத்துகினே கீற. கறி வாங்கப் போறியா, கட்டிக்கப் போறியா?"

அப்பா தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்முறையில் ரகசியம் ஏதும் இல்லை. முதல் நாளே கறியில் உப்பு, இடித்த மிளகு, இஞ்சி, பூண்டு, வினிகர் தேய்த்து ஊற வைப்பார். மறுநாள் அது விரியாமல் இருக்கச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். கனமான அலுமினிய தேக்சாவில் சர்க்கரையைக் கருக்கி, அதில் கறியைப் போட்டு எல்லாப் பக்கமும் நிறம் ஏறும்வரை புரட்டுவார். பிறகு வெங்காயம், பட்டை, கிராம்பு. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சின்னத் தீயில் பிற்பகல் முழுக்க வேக வைப்பார். தீ கூடினால் தசை முறுக்கிக்கொள்ளும். குறைந்தே இருந்தால் நாருக்கு நடுவில் இருக்கிற சவ்வு கரைந்து சாறோடு சேரும். இந்த விளக்கம் நான் சொன்னது. அவர் அதையும் முழுதாக ஏற்கவில்லை. தீட்டிய சைக்கிள் கம்பியால் அடிக்கடி குத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். கறியை எடுத்த பிறகு, அடியில் தங்கிய சாற்றில் வறுத்த மைதாவும் இன்னும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துக் காய்ச்சினால் சாஸ். கறுப்பாக, பளபளவென்று, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும். கறி ஆறின பிறகுதான் துண்டு போட முடியும். அதனால் இருபத்து நான்காம் தேதியே செய்து வைத்துவிடுவார்.

ஒரு வருடம், இருபத்தைந்தாம் தேதி மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியது. எனக்கு வந்த சம்பந்தம்.

கொண்டு வந்தவர் சின்னப்பன், ஷெட்டில் அப்பாவின் கூட்டாளி. மாப்பிள்ளை சற்குணம், குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் லேப் டெக்னீஷியன். அவருடைய அப்பா ஞானசிகாமணி, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சாராள். வீடு சிட்லபாக்கம். சற்குணத்தோடு நான் ஒருமுறை மின்சார ரயிலில் பேசியிருந்தேன். கேஜை எப்படிச் சரிபார்ப்போம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை. அதனால் கறியைக் கேட்பார்கள். பெரிய கறி, அதாவது மாட்டுக்கறி, சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தால் மற்றது தெரிந்த மாதிரி. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். தாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று ஞானசிகாமணி சொல்லியனுப்பியிருந்தார். அப்பாவுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் எழுந்தது. கேட்காமலே இதைச் சொல்கிறவன் எதற்குச் சொல்கிறான் என்றார்.

"வருஷத்துல வேற நாளே இல்லியா? கிறிஸ்மஸ் அன்னிக்குத்தான் வரணுமா? மேசையில இன்னா வக்கிறோம்னு பாக்க வராங்க."

"பசிக்கு சாப்பிட வராங்கன்னு வச்சிக்குங்களேன்," என்றாள் அம்மா.

அப்பா ரோஸ்ட்டை விடவும் இல்லை, மேசைக்குக் கொண்டு வரவும் இல்லை. இருபத்து நான்கு பிற்பகல் வழக்கம்போல் செய்து முடித்தார். மறுநாள் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், ஒரு ஆட்டுத் தொடையை அதே மாதிரி கயிறு கட்டி, அதே மாதிரி நிறமேற்றி, அதே மாதிரி தனியாகச் சாஸ் காய்ச்சி அதில் போட்டார். மாட்டுக்கறி தேக்சாவின் மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டி, அடுப்படிப் பரணில் ஏற்றி, முன்னால் இரண்டு தகர டின்னை நிறுத்தினார். அப்படியும் வாசனை நின்றது. பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கட்டு ஊதுவத்தி வாங்கி வந்தார். எங்கள் சபையார் வீடுகளில் ஊதுவத்தி ஏற்றும் வழக்கம் கிடையாது. ஆணியில் தொங்கிய காலண்டருக்குக் கீழே செருகி வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஒரு தேங்காயும் உடைத்துவிடலாமா என்று கேட்டாள்.

வந்தார்கள். சாராள் அம்மாள் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

"ஊதுவத்தி ஏத்தியிருக்கீங்களா?"

"கொசுக்கு," என்றார் அப்பா. அப்போது மணி ஒன்று. நல்ல வெயில்.

அதற்குப் பிறகு மேசையில் யாரும் சாதாரணமாகப் பேசவில்லை. சொந்த ஊர் எது என்று சாராள் அம்மாள் கேட்டார். தாம்பரம்தான் என்றார் அப்பா. அதற்கு முன்னால் எது என்று கேட்டார். அதற்கு முன்னாலும் தாம்பரம்தான் என்றார். ஞானசிகாமணி கறித்துண்டை விரலால் திருப்பி, எலும்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். வீட்டில் எப்போதும் ஆட்டுக்கறிதானா என்று அந்த அம்மாள் கேட்டபோது, அப்பா குரலை மாற்றாமல், எப்போதும் ஆட்டுக்கறிதான் என்றார். சற்குணம் என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அரைத்தட்டு மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தோண்டித் தோண்டிக் கேட்டார்கள், எதையும் பிடிக்க முடியவில்லை என்றார். மாலையில் பரணில் இருந்து தேக்சாவை இறக்கிச் சூடு செய்து, மூடி மறுபடி ஏற்றி வைத்தார். யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சின்னப்பன் வந்தார். சைக்கிளில் இருந்து இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"உன்ன மாரி ஆளு எவனும் இல்ல தேவானந்தம். அவங்க வூட்ல வருஷா வருஷம் பீப்தான்யா. உன் ரோஸ்ட்ட பத்தி நான் சொல்லித்தான் கிறிஸ்மஸ் அன்னிக்கே வரோம்னாங்க. இங்க வந்து பாத்தா ஆட்டுக்கறி, ஊதுவத்தி. இவங்க பெரிய எடம், நாளைக்கு எம்புள்ளைக்குத் தனித் தட்டு வப்பாங்கன்னு அந்தம்மா சொல்லுது. வேணாமாம்."

அவர் போனபின் அப்பா அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, சின்னப்பன் சொல்வது நிஜம்தானா என்று ஆரம்பித்தார். நம் வாயைப் பிடுங்க அவர்களே இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பீஃப் சாப்பிடுகிறோம் என்று நாம் ஒப்புக்கொண்டால் ஊர் முழுக்க அதைச் சொல்லித்தான் சம்பந்தத்தை முறிப்பார்கள். பிறகு இன்னொரு இடத்திலும் நமக்கு வாய்க்காது. சொல்லிக்கொண்டே போனார். எல்லாமே நடக்கக்கூடியதுதான். எதையும் அங்கே உட்கார்ந்து சரிபார்க்க முடியாது.

"எனக்கு அந்த எடம் புடிச்சிருக்குப்பா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இதுவும் நிஜம்தானா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு எழுந்து பரணுக்குக் கை நீட்டினார். கயிற்றை வெட்டி, கறியை மெல்லிசாகத் துண்டு போட்டார். இரண்டு நாள் ஆன கறி நன்றாக இறுகி, சிந்தாமல் சிதறாமல் வெட்ட வரும். துண்டுகளைத் தூக்குப் பாத்திரத்தில் அடுக்கி, சாஸைச் சுட வைத்து மேலே ஊற்றினார். அவர் சைக்கிளில் செயின் அறுந்திருந்தது. சிட்லபாக்கத்துக்கு என் மொபெட்டில் போகலாம் என்றேன். வண்டியை ஒருதரம் சுற்றி வந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். கேம்ப் ரோடு முழுக்கத் தூக்கை மடியில் அணைத்தபடி, பஸ் வருகிறது, பஸ் வருகிறது என்றபடியே வந்தார்.

கல்யாணம் பேசின பெண் தானாகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பது முறையில்லை. வெளிகேட்டோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முன்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் தெரிந்தது, கேட்டது.

சாராள் அம்மாள் தூக்கைத் திறந்து பார்த்தார். கை வைக்கவில்லை.

"இது இன்னா கறிங்க?"

"பெரிய கறி."

ஞானசிகாமணி நாற்காலியில் இருந்து எழவில்லை. "நேத்து ஆட்டுக்கறி வச்சீங்க. எப்பவும் அதான்னீங்க. இன்னிக்கு இத எடுத்துகினு வந்துகீறீங்க. நாங்க இன்னா ஆளுங்கன்னு சோதன பண்றீங்களா சார்?"

அப்பா அந்த இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பார். அதனால்தானோ என்னவோ, கோபப்படவில்லை.

"இது முந்தாநேத்தே செஞ்சது. நீங்க வந்தப்ப பரண் மேல இருந்துச்சு. ஊதுவத்தி அதுக்குத்தான்."

"கொசுக்குன்னீங்க," என்றார் சாராள் அம்மாள்.

"பொய்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் தூக்கைப் பார்த்தார். இருவரும் அசையவில்லை. அப்பா குனிந்து, மேலே இருந்த துண்டை விரலால் எடுத்து, சாஸ் முழங்கை வரை வழிய, நின்றபடியே வாயில் போட்டு மென்றார். அவர் அடுத்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை. மென்று முடித்து, கையைக் கீழே விடத் தெரியாமல் அப்படியே நின்றார்.

"தட்டு எடு சாராள்," என்றார் ஞானசிகாமணி. "ரொட்டி இருக்குதா பாரு."

ஆனால் அந்த அம்மாள் தட்டு எடுக்கப் போகவில்லை. வாசலுக்கு வந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உள்ள வாம்மா."

உள்ளே போனேன். சற்குணம் பின்னறைக் கதவருகில் நின்றிருந்தார். ஒரே ஒரு தட்டு வந்தது. அதில் இரண்டு ரொட்டித் துண்டு, மேலே கறி, அதற்கு மேல் சாஸ். சாராள் அம்மாள் அதை என் கையில் கொடுத்தார்.

"அப்பா சாப்பிட்டுட்டாரு. பெத்த பொண்ணுக்காக எந்த அப்பனும் சாப்பிடுவான். நாளைக்கு இந்த வூட்ல சமைக்கப் போறவ நீ. நீ சாப்பிடு, நான் பாக்கணும்."

நான்கு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். அவசரப்படவில்லை. ரொட்டியால் தட்டில் இருந்த சாஸையும் துடைத்துச் சாப்பிட்டேன். அந்த அம்மாள் குனிந்து தட்டைப் பார்த்தார். காலித் தட்டுதான். அதற்குப் பிறகுதான் அலமாரியைத் திறந்து மற்றவர்களுக்குத் தட்டு எடுத்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாராள் அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மரியாதை இருந்தது. ஷெட்டில் நல்ல சாமான் வந்து இறங்கினால் மட்டும் அந்த முகம் வரும். சம்பந்தம் கூடிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.