காதைத் தொட்ட கை

என் தங்கை செங்கமலம் நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் ஏழு அடி இரண்டு அங்குலம் எட்டும். எம்பினால் எட்டு அடி ஏழு அங்குலம். 1983 பிப்ரவரியில், அவளுக்குப் பதிமூன்று வயது நான்கு மாதம் ஆனபோது அளந்தது. விரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு சுவரில் தொடச் சொல்லி, நானே என் தையல் டேப்பால் அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே அளவுதான்.

எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குக் கிழக்கே மூன்று மைல். அப்பா அரியமுத்து, அம்மா வீராயி, இருவரும் கூலி வேலைக்குப் போனவர்கள். மூத்தவள் நான், கொளஞ்சியம்மாள். எட்டாவது வரை படித்தேன். எனக்கும் செங்கமலத்துக்கும் ஐந்து வயது வித்தியாசம். அம்மா நடவுக்குப் போனால் அவள் என் இடுப்பில்தான் இருப்பாள்.

1974இல் நான் நாலாவது வகுப்பு படித்தேன். தங்கையைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பலகைக் குச்சியைத் தின்பாள், அழுவாள், சில நாள் ஈரம் பண்ணிவிடுவாள். தலைமை ஆசிரியர் சிவசுப்பிரமணியன் கொஞ்ச நாள் பொறுத்தார். அப்புறம் ஒருநாள் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"இது பள்ளிக்கூடமா, தொட்டில் கட்டுற எடமா? ஒண்ணு இவளையும் ஒண்ணாவதுல சேத்து வுடு. இல்லாட்டி நீ வூட்டுலயே இருந்துக்க."

ஒன்றாவதில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாரிடமும் பிறந்த தேதிக்குக் காகிதம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து முடிந்துவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள். செங்கமலம் பிறந்தது 1969 ஐப்பசி அடைமழையில். ஆக ஐந்து முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். காதுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி.

அந்த ஒரு விரல்கடைக்காக நான் படிப்பை விட வேண்டிவரும் போலிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவளை நிறுத்தி வைத்துத் தினம் சாயங்காலம் பழக்கினேன். தோளை ஏற்று, விரலை நீட்டு, தலையைக் கொஞ்சமாகச் சாய். ரொம்பச் சாய்த்தால் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் படித்துக்கொண்டாள். சேர்க்கிற அன்று வாத்தியார் எதிரே நின்று ஒரே வீச்சில் காதைத் தொட்டாள்.

"அடேயப்பா! கையி நீளந்தான்" என்றார் அவர். "அஞ்சு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றேன்.

10-5-1969 என்று நோட்டில் எழுதினார். அன்று சேர்ந்த முக்கால்வாசிப் பேருக்கு அவர் போட்ட தேதி அதுதான். நான் என்ன தேதி என்றுகூடக் கேட்கவில்லை. என் படிப்பு தப்பியது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டாவதோடு நான் எப்படியும் நின்றுபோனேன். அரியலூரில் சின்னம்மாள் அக்காவின் தையல் கடையில் சேர்ந்தேன். செங்கமலம் ஆறாவதுக்கு அரியலூர் வந்தபோது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அவளுக்கு அதற்குள் கை கால் எல்லாம் நீண்டுவிட்டது. தெருப் பையன்கள் தொரட்டி என்று கூப்பிடுவார்கள். கொடுக்காப்புளி மரத்தடியில் நின்றுகொண்டு, "ஏய் தொரட்டி, வந்து ரெண்டு பறிச்சுப் போட்டுட்டுப் போ!" என்பார்கள். அவள் எம்பிப் பறித்து, அவர்கள் கண் முன்னாலேயே தானே தின்றுவிட்டு நடப்பாள்.

அவள் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாகச் சுந்தராம்பாள் டீச்சர் வந்தார்கள். ஒரு பந்து, வலை இல்லாத இரண்டு வளையம், செம்மண் மைதானம். டீச்சர் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற டீச்சர்களைப்போல இவள் நன்றாக ஆடுகிறாள், அவள் சுமார் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. சுவரிலிருந்து எட்டடி தள்ளி நின்று முப்பது வினாடிக்குள் பந்தை எத்தனை தடவை எறிந்து பிடிக்கிறாள். ஆறு செங்கல்லை வரிசையாக வைத்து அதன் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு வளைந்து ஓடித் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது. வளையத்துக்குக் கீழே நின்று முப்பது வினாடிக்குள் எத்தனை கூடை. கோட்டில் நின்று பத்து எறிந்தால் எத்தனை. கடைசியாகச் சுண்ணாம்புக் கையால் சுவரைத் தொடுவது.

டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பார்களா, பந்தை எண்ணுவார்களா? தங்கையைக் கூட்டிப்போக வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்கள்.

"கொளஞ்சி, உனக்குத்தான் அளவு எழுதத் தெரியுமே. இந்த நோட்டைப் பிடி."

அன்றிலிருந்து இரண்டு வருடம் அந்த நோட்டை நான்தான் எழுதினேன். பதினெட்டுப் பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். தங்கை என்று ஒரு புள்ளிகூடக் கூட்டியதில்லை.

"அக்கா, அது உள்ள போச்சு. நீ எழுதல."

"விசில் அடிச்ச பொறவு போட்ட. சேராது."

"பந்து கையை விட்டப்ப விசில் அடிக்கல."

"அடிச்சாச்சு. எனக்குக் காது கேக்கும்."

"ஒனக்கு நான் தங்கச்சியா, இல்ல அந்த நோட்டு தங்கச்சியா?"

டீச்சர் சிரிப்பார்கள். ஆனால் முப்பது வினாடியில் ஒன்பது கூடை போட்டவள் பதினாறுக்கு வந்தாள். சுவரில் எறிந்து பிடிப்பது இருபத்திரண்டிலிருந்து இருபத்தொன்பது ஆனது. இரண்டு கையையும் விரித்தால் அவள் உயரத்தைவிட நாலு அங்குலம் கூடுதல். இதற்காகவே செய்த உடம்பு என்று டீச்சர் சொல்வார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் வளர்ந்து பெருகியதாக என் கையால் எழுதி வைத்தது அது ஒன்றுதான்.

1983 ஜனவரியில் பட்டணத்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போவதாகக் கடிதம் வந்தது. தங்கிப் படிக்கலாம், சாப்பாடு உண்டு, தினமும் பயிற்சி உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்பார்கள். ஜூன் முதல் தேதியன்று பதினாலு வயது முடிந்திருக்கக் கூடாது. டீச்சர் விண்ணப்பம் எழுதும்போது என்னைக் கேட்டார்கள்.

"இவளுக்கு என்ன வயசு?"

"பதிமூணுங்க டீச்சர். ஐப்பசிக்குத்தான் பதினாலு" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். டீச்சரும் அதையே எழுதினார்கள். எல்லாவற்றையும் குறித்து வைத்த நான், ஒன்றாவது வகுப்பு நோட்டில் ஏறிய தேதியை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் அரியலூரிலேயே தேர்வு நடந்தது. வைத்திலிங்கம் என்ற அதிகாரி இரண்டு உதவியாளர்களோடு வந்திருந்தார். முப்பத்தோரு பெண்கள். சில பேர் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். செங்கமலம் வெறுங்கால். நான் தைத்த நீலச் சட்டை, கால்சட்டை. வந்த பெண்களில் ஒருத்தி, "ஏண்டி, இது கையா, கொடிக்கம்பமா?" என்றாள்.  செங்கமலம் தூரத்தில் நின்ற என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். முதலிடம் தனக்குத்தான் என்று அர்த்தம்.

அன்று முப்பது வினாடியில் பதினேழு கூடை. அதுவரை போடாத எண்ணிக்கை. பத்துக்கு எட்டு. செங்கல் ஓட்டத்தில் ஒரு செங்கல்கூட ஆடவில்லை. சுவரில் அவள் வைத்த சுண்ணாம்பு, அடுத்தவள் வைத்ததைவிட ஐந்து அங்குலம் மேலே. வைத்திலிங்கம் சார் எழுந்து வந்து அந்த வெள்ளையைத் தானே அளந்தார். "யாரும்மா உன்னைப் பழக்கினது?" என்றார். அவள் டீச்சரையும் காட்டினாள், என்னையும் காட்டினாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. இரண்டாவது வந்தவளுக்கு எழுபத்தெட்டு.

அதற்குப் பிறகுதான் சான்றிதழ்களைப் பார்த்தார்கள். பள்ளி ஆபீஸிலிருந்து வந்த உறையை உதவியாளர் பிரித்து, விண்ணப்பத்தோடு வைத்துப் பார்த்து, சாரிடம் நீட்டினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பத்து அஞ்சு அறுபத்தொம்பதுன்னு இருக்கே. மே மாசமே பதினாலு முடியுது. இருபத்திரண்டு நாள் தாண்டுதும்மா."

"அது தப்பு சார்" என்று டீச்சர் சொன்னார்கள். "பொண்ணு ஐப்பசியிலதான் பொறந்தா."

"இருக்கலாம் டீச்சர். எனக்குக் காகிதம் வேணும். பத்து நாள் பேரை வெச்சிருக்கேன். பிறப்புச் சான்று கொண்டாங்க. இல்லன்னா அடுத்த பொண்ணுக்குப் போயிடும். நான் வேற ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் அலைந்தேன். அந்தக் காலத்தில் பிறப்பு, இறப்பை ஊர் மணியக்காரர் நோட்டில் எழுதுவார். அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். நோட்டுகள் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டன. நாலு நாள் நடந்த பிறகு ஒரு குமாஸ்தா 1969 நோட்டை எடுத்து, விரலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார்.

"உங்க தெருவுல அந்த வருசம் யாருமே பொறக்கலியேம்மா."

"பொறந்தாங்க சார். என் தங்கச்சி இருக்கா. இன்னும் மூணு பேரு இருக்காங்க."

"நோட்டுல இல்ல. செத்தவங்க ரெண்டு பேரு இருக்காங்க. அது வேணும்னா நகல் தரேன்."

ஏழாம் நாள் சிவசுப்பிரமணியன் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. விஷயத்தைச் சொல்லி, தேதி தப்பு என்று எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன்.

"நீதான வந்து சொன்ன, அஞ்சு முடிஞ்சிருச்சுன்னு?"

"பொய்யிங்கய்யா. கையும் எட்டல. தலைய சாய்ச்சுத் தொடச் சொல்லி நான்தான் பழக்கினேன்."

 "தெரியும்" என்றார். "கழுத்தைச் சாய்ச்சா எனக்குத் தெரியாதா? எத்தனை புள்ளைங்களைப் பாத்திருக்கேன். அவளைச் சேக்கலன்னா நீ நின்னுபோயிடுவ. அதான் கண்டுக்கல."

நான் அழுதுவிட்டேன்.

"இப்ப எழுதிக் குடுத்தா செல்லாது கொளஞ்சி. ரிட்டையர் ஆனவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கோர்ட்டுக்குப் போகணும். அது ஆறு மாசமோ ஒரு வருசமோ." காபி குடிக்கச் சொன்னார். நான் குடிக்காமல் வந்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். செங்கமலம் தனியாகப் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ், நோட்டு, வாத்தியார், எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதில் காதைத் தொடப் பழக்கியதையும் சொன்னேன். அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"தெரியுமே. வூட்டுக்குப் பின்னாடி" என்றாள். பந்தை எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. "பந்து உள்ள போனாலும், விசில் அடிச்ச பொறவுன்னா நீ என்னைக்காச்சும் சேத்திருக்கியா அக்கா?"

"இல்ல."

"அப்ப விடு."

போய்ப் பந்தை எடுத்து வந்து அறையில் வைத்துப் பூட்டி, சாவியை டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தாள். மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். டீச்சர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் தடவை அவர்களே கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். என்னவோ பேச வந்து, பேசாமல் ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கு மாற்றல் வந்தது. நோட்டை என்னிடமே விட்டுப் போனார்கள்.

செங்கமலம் பத்தாவதில் தேறவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் பொறுக்கப் போனாள். சாயங்காலம் வந்தால் இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். 1987இல் அரும்பாவூரில் அய்யாக்கண்ணுக்குக் கட்டிக்கொடுத்தோம். மரவள்ளிக் கிழங்குக் காட்டில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். அவளைவிட அரை அடி குட்டை. அவளைப் பார்த்து அவர், "மேல என்ன மழை வருதா?" என்று கேட்பார். அவள் சிரிப்பாள். அவள் சிரிப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

போன வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் பார்க்கப் போனேன். உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், எழுந்து நடக்கக் கூடாது என்று மாமியார் கத்தக் கத்த, ஆபீஸுக்குத் தானே நடந்து போய் வாங்கி வந்த பிறப்புச் சான்று.

"தேதி சரியா இருக்கான்னு படிச்சுப் பாரு."

படித்தேன். நாள், மாதம், வருடம், அப்பா பெயர், அம்மா பெயர். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன். வாங்கி நாலாக மடித்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

குழந்தைக்குச் சட்டை தைக்க நான் துணி கொண்டுபோயிருந்தேன். டேப்பை எடுத்து மார்பை அளந்தேன், நீளம் அளந்தேன். தோளிலிருந்து கையை நீட்டிப் பிடித்தேன். குழந்தைக்கும் அதே கைதான்.

செங்கமலம் என் விரல்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கையை எடுத்து மடக்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டாள்.

"கைய அளக்காத அக்கா" என்றாள். "கை வெக்காம தெச்சுரு."