ராஜினாமா செய்யச் சொன்னார் லாலாஜி

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு கூட்டம். ரிடையரான தமிழ் அதிகாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம். பொன்னாடை தோளில் விழுந்ததும் என் கை தானாக அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. எதற்காகப் போர்த்துகிறார்கள்? நன்கொடை கேட்கவா? சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓசியில் கட்டுரை வாங்கவா? இல்லை, வர வேண்டியவர் வராமல் போய், வாங்கிவைத்த ஆடை வீணாகக் கூடாதே என்று... எனக்கா?

(மூன்றாவதுதான். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.)

வரவேற்றுப் பேசியவர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எத்தனையோ கஷ்டங்களுக்கு நடுவிலும் நம்பிக்கை இழக்காமல் பத்திரிகை உலகில் உயர்ந்தவர் என்று ஒருவரைப் பாராட்டினார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். ஜனக்புரியிலிருந்து வந்திருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அங்கிள், மேகஸின் லைன்ல நீங்க ரொம்ப ஸ்ட்ரகிள் பண்ணீங்க இல்லையா... எப்டி ஆப்டிமிஸ்டிக்கா இருந்தீங்க? மத்லப்... ஐ மீன், ஏதாவது சீக்ரெட் இருக்கா?"

ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால் — சீக்ரெட் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் ஒன்று. நான் நம்பிக்கைக்காரன் இல்லை. சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். உங்கள் கட்டுரை பிரமாதம் என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டுரை என்று கேட்பேன். டாக்டர் சிரித்தால் பயம். சிரிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

இப்படிப்பட்ட ஆள் எப்படி இந்தத் தொழிலில் காலம் தள்ளினான்? அதற்கு லாலாஜியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பஞ்சாபி முதலாளி டெல்லிக்கு வரவழைத்தார். கரோல் பாகில் ஒரு சந்துக்குள் அவருடைய பிரஸ். ஹிந்தியில் ஒரு வாரப் பத்திரிகை, அதற்கு ஒரு தமிழ்ப் பதிப்பு. எல்லோரும் அவரை லாலாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். புரூஃப் பார்க்கத்தான் போனேன். ஆள் இல்லாததால் துணுக்கு எழுதினேன். இன்னும் ஆள் இல்லாததால் உதவி ஆசிரியர் ஆனேன். என் திறமைக்கும் அந்தப் பதவிக்கும் சம்பந்தம் உண்டா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

தங்குவதற்கு பிரஸ் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒற்றை அறை கொடுத்தார். பர்ஸாத்தி என்பார்கள். கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. வாடகை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அந்தக் கவலையில் நான் தூங்காத நாள் உண்டு.

அப்போதுதான் என் மனைவி தேனம்மைக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடம்பில் ரத்தம் இல்லை, ஏற்றித் தேற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்றார்கள். முடிந்த பிறகும் பல வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதாம்.

எங்கே படுப்பது? அந்தப் பர்ஸாத்தியில்தான். டெல்லியில் எங்களுக்கு வேறு சுவர் கிடையாது. வேலை இருக்கிற வரைக்கும்தான் அறை. வேலை போனால், வயிற்றில் தையலோடு இருக்கிற ஒருத்தியை மெட்ராஸ் ரயிலில் ஏற்றி உட்காரவைக்க வேண்டும். இல்லையென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்து, லாலாஜி தமிழ்ப் பிரிவுக்கு இன்னொரு ஆளைச் சேர்த்தார். கதிரேசன். கோயமுத்தூர்க்காரர். எம்.ஏ. தமிழ்.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பதில் ஆள். வேறென்ன? அவர் பென்சில் சீவினால்கூட எனக்காகவே சீவுகிற மாதிரி இருந்தது.

பத்திரிகையின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. எழுதுகிறாயா என்று லாலாஜி கேட்டிருந்தார். என் பெயர் போட்டு வரப்போகிற முதல் கட்டுரை. டெல்லிக் குளிரில் இட்லி மாவு புளிக்காத கதையை எழுதிக் கொடுத்தேன். மாவுச் சட்டியை ரஜாய்க்குள் வைத்துக்கொண்டு தூங்கினோம் என்று ஒரு வரி. புரூஃபில் வந்ததைப் பார்த்தால் — அரைத்த மாக்கலத்தைப் பஞ்சுப் போர்வையுள் துயில்வித்தோம்.

கதிரேசனின் திருத்தம்.

மாவு தூங்குமாய்யா என்று கேட்டேன். அச்சுக் கோப்பவரெல்லாம் ஆசிரியரானால் மொழி இப்படித்தான் சீரழியும் என்றார் அவர், சுத்தமான செந்தமிழில். பிறகு நான் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது. இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினோம். எதிர் மேஜை மசி பாட்டில் கவிழ்ந்தது. ஹிந்திப் பிரிவு மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஒரு எழுத்துகூடப் புரியாமலே அத்தனை சந்தோஷம் அவர்களுக்கு.

லாலாஜி அறையிலிருந்து வெளியே வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஷாம் தக் தோனோ ராஜினாமா கர் லோ. நஹீன் தோ மைன் தேக் லூங்கா."

கதவு சாத்திக்கொண்டது.

சாயந்திரத்துக்குள் இரண்டு பேரும் ராஜினாமா. இல்லையென்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்... தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்போம். எங்கள் அரைகுறை ஹிந்தியில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். தினம் தமிழ்ப் பேப்பரில் படிக்கிற வார்த்தை. மந்திரிகள் செய்கிற காரியம். சந்தேகத்துக்கு எங்கே இடம்?

சந்து முனை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதிரேசனும் வந்து உட்கார்ந்தார். பயத்தில் செந்தமிழ் கழன்று கோயமுத்தூர் வெளியே வந்திருந்தது.

"என்னுங்ணா, இப்புடிப் பண்ணிப்போட்டாரு? தை மாசம் எனக்குக் கல்யாணமுங். டில்லி மாப்பிள்ளைன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறாங்."

எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. இதுவும் ஒரு திட்டமோ? நான் ராஜினாமா கொடுத்ததும் இவர் கொடுக்காமல் இருந்துவிட்டால்? இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கொடுப்பது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்கும் சேர்த்து இரண்டு கடிதமாக அவரே ஆங்கிலத்தில் எழுதினார். என்னத்தை எழுதிவைத்திருக்கிறாரோ என்று, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நெருங்கிவிட்டது. கிளம்பினேன். தானும் வருவதாகச் சொன்னார் கதிரேசன். தனியாக இருந்தால் என்னமோ மாதிரி இருக்கிறதாம்.

தேனம்மையிடம் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். ஆனால் என் முகம் என்னைக் கேட்டா நடக்கிறது? வெளுத்துப்போய்ப் படுத்திருந்தவள், என்ன ஆச்சு என்று ஒரு தடவைதான் கேட்டாள். மாவிலிருந்து ராஜினாமா வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற கதிரேசனைப் பார்த்தாள்.

"தம்பி, மாவைத் தூங்கவச்சது நீங்கதானா?"

எம்.ஏ. தமிழ் தரையைப் பார்த்தது.

பிறகு என்னிடம் திரும்பினாள். "ரெண்டு பேரையும் அனுப்பிட்டு அந்த மனுசன் தமிழ்ப் புஸ்தகத்தை எப்பிடிப் போடுவாரு? அவருக்கு 'அ'னா தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பெறகு? நல்ல சேதி வந்தா ஒரசி ஒரசிப் பாக்குறீக. கெட்ட சேதின்னா மட்டும் கும்பிட்டு வாங்கிக்கிறீக. அதையுந்தான் கொஞ்சம் சந்தேகப்படுங்களேன்."

இவ்வளவு பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். மணி அடித்து எங்களை வெளியே அனுப்பினார்கள்.

பஸ் பிடித்து பிரஸ்ஸுக்குத் திரும்பினோம். லாலாஜியின் அறைக்குள் ஒன்றாக நுழைந்தோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஹோ கயா ராஜினாமா?"

ஆகிவிட்டதா என்று கேட்கிறார். சிரிக்கிறார். எனக்குள் ஏதோ இடறியது. வேலையை விட்டு அனுப்புகிற மனிதர் இப்படி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி, சிரிப்பாரா? சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்றது.

கதிரேசனுக்குச் சந்தேகப்படுகிற பழக்கம் கிடையாது. படித்தவர், சொன்னால் சொன்னபடி செய்வார். தன் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டார்.

லாலாஜி படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"யே க்யா ஹை? இஸ்தீஃபா?"

விஷயம் அப்போதுதான் விளங்கியது. வேலையை விடுவதற்கு அந்தப் பக்கத்து வார்த்தை இஸ்தீஃபா. ராஜினாமா என்றால், சண்டைக்காரர்கள் இருவர் சமாதானமாகப் போவது. கேஸ் ராஜியாகிவிட்டது என்று நம் ஊரிலும் சொல்கிறோமே, அதே ராஜி. சாயந்திரத்துக்குள் சண்டையைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெரிய மனுஷர் சொல்லியிருக்கிறார். நாங்கள் வேலையைத் தீர்த்துக்கொண்டு வந்து நிற்கிறோம்.

லாலாஜி சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த இன்னொரு காகிதத்தைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார். சந்தேகம் என்ன, எனக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா? காலையில் அடித்துக்கொண்ட இரண்டு மதராசிகள் சாயந்திரம் கைகோத்துக்கொண்டு வருகிறார்கள். பையில் ஆளுக்கொரு இஸ்தீஃபா. தீபாவளி இதழ் பாதி அச்சில் இருக்கிறது. சேர்ந்து மிரட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்?

உட்காரச் சொன்னார். டீ வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்.

கதிரேசன் பதறிப்போய், நாங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். எதற்கும் பேசாமல் இருப்போம் என்றுதான். ஆனால் எங்கள் மௌனம் லாலாஜியை இன்னும் பயமுறுத்தியது. கடைசிப் பக்கத்தை ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் எழுதலாம். ஒருவர் எழுதியதில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆபரேஷன் ஆன பிறகு உன் மனைவி மாடிப்படி ஏறக் கூடாது, கீழே பேப்பர் கோடவுனைக் காலிசெய்து தருகிறேன், அங்கே தங்கிக்கொள்ளுங்கள் என்றார். கதிரேசனின் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்தார்.

வெளியே வந்ததும் கதிரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜினாமா — லாலாஜி சொன்ன ராஜினாமா — அப்போதுதான் நடந்தது.

அந்த ஜனக்புரிப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நல்லதே நடக்கும் என்று நம்பு என்பார்கள். என் மாதிரி ஆட்களுக்கு அது முடியாது. நம்பிக்கை எங்கள் ரத்தத்தில் இல்லை. ஆனால் சந்தேகம் கை நிறைய இருக்கிறதே... அதைக் கொஞ்சம் கெட்ட செய்திப் பக்கமும் தள்ளலாம் இல்லையா? பத்திரிகையை மூடப்போகிறார்கள் என்பார்கள். நிஜமாகவா என்று யோசித்தபடியே அடுத்த வாரத்துக்கு எழுதிவிடுவேன். எட்டாம் வகுப்புப் படிப்பு இந்தத் தொழிலுக்குத் தாங்காது என்று ஒருவர் சொன்னார். அவர் எதுவரை படித்தார் என்று விசாரித்தேன். கட்டுரை திரும்பி வந்தால், முழுசாகப் படித்துவிட்டுத்தான் திருப்பினார்களா என்று சந்தேகப்பட்டு இன்னொரு இடத்துக்கு அனுப்புவேன். பாதி கட்டுரைகள் இப்படித்தான் அச்சேறின. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் நாள் வந்தது. கதிரேசன் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருந்தார். வராந்தாவில் நடந்தோம், உட்கார்ந்தோம், மறுபடி நடந்தோம். கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் எங்கள் பக்கம் பார்த்து "காமியாப்" என்றார். நிற்காமல் போய்விட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. பாதி முகத்தைத் துணி மூடியிருந்தது.

காமியாப். அப்படியென்றால்? கதிரேசன் மெதுவாக, "கம்மின்னா கொறைச்சலுங்ணா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எது குறைச்சல்? ரத்தமா? மூச்சா? அதற்கு முந்தைய மாதமாக இருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பேன். உட்காரவில்லை. நம் காதில் விழுந்ததுதான் அர்த்தம் என்று யார் சொன்னது? வார்டுக்கு ஓடினேன். நாகர்கோவில்காரர் ஒரு சிஸ்டர் அங்கே இருந்தார். காமியாப் என்றால் என்ன அர்த்தம் சிஸ்டர் என்று கேட்டேன்.

"நல்லபடியா முடிஞ்சாச்சுன்னு அர்த்தம்ணே. அக்காவுக்கு இனி ஒண்ணும் பயமில்ல."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சந்தேகத்தினால் இல்லை.