இரண்டு கம்பு நீளக் கட்டில்

பர்னிச்சர் கடையில் நிற்பவனுக்கு வாய் இருந்தால் போதும் என்று நம்பித்தான் ஹட்டனில் இந்த வேலையில் சேர்ந்தேன். அடியும் அங்குலமும் தெரிய வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திரைச்சீலை வாங்கப் போன இடத்தில் "கஜத்திலா, மீற்றரிலா?" என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தவரா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

ஒரு கட்டில், மூன்று நீளம்

கொழும்பிலிருந்து வரும் கட்டிலின் லேபிளில் 1830 என்று இருக்கும். அது மில்லிமீற்றர். எங்கள் முதலாளியை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதே கட்டிலை எழுபத்திரண்டு என்பார். அது அங்குலம். வாங்க வருபவர் ஆறு என்பார். அது அடி. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, இருபத்தைந்து மில்லிமீற்றரும் கொஞ்சமும் சேர்ந்தால் ஓர் அங்குலம், ஆகவே மூன்றும் ஒன்றுதான் என்று நானா விளக்கினார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கட்டிலின் நீளத்தைக் கேட்டார். லேபிளைப் பார்த்து "ஆயிரத்து எண்ணூற்று முப்பது" என்று கணீரென்று சொன்னேன். அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுப் பெருசு வேணாம் தம்பி, நானும் எங்க வீட்டுக்காரியும் ரெண்டே பேருதான்."

டேப்பின் கால்

பார்வதி அக்கா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது மலையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் காயம் பட்டிருந்தது. சிமெந்துத் தரையின் குளிர் ஆகவே ஆகாது, கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருக்கும் லயத்து அறையில் கட்டில் போட ஒரே ஓர் இடம்தான் இருந்தது: சுவரோரமாக, அலுமாரிக்கும், சமையல் செய்யும் குசினியின் வாசலுக்கும் நடுவில்.

கடைக்கு வந்த அக்கா, அங்கே எட்டு அடி இருக்கிறது என்றார். எட்டடியில் எந்தக் கட்டிலும் போகுமே என்று ஆறடிக் கட்டில் ஒன்றைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலோரமாகக் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பாதத்தை வைத்து நடந்தார். எட்டு வந்தது. நான் டேப்பை நீட்டினேன். ஆறு வந்தது. மறுபடி நடந்தார், மறுபடியும் எட்டு. வீட்டிலும் இப்படித்தான் அளந்தாராம். அப்படியானால் அங்கே இருப்பதும் ஆறடிதானா? நான் குழம்பிப்போய் நிற்க, அவர் டேப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரோட காலு தம்பி?"

ஆறு புள்ளி ஐந்து

அதே வாரம் திம்புள்ளப் பக்கத்து டீச்சர் ஒருவர், தமக்கு வேண்டிய அலுமாரியின் உயரத்தைக் கைபேசியில் எழுதி அனுப்பினார்: 6.5. ஆறரை அடி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தேன். அவர் மனதில் நினைத்தது ஆறடி ஐந்து அங்குலம். அடிக்குப் பன்னிரண்டு அங்குலமாயிற்றே, ஆறரை என்றால் ஆறடி ஆறு அங்குலம் ஆகிவிடுகிறது. அந்த ஓர் அங்குலத்தில் அலுமாரி கூரை மரத்தில் முட்டிக்கொண்டு சாய்வாக நின்றது. படம் எடுத்து அனுப்பினார். நானா அதைப் பார்த்துவிட்டு என்னையும் அப்படியே சாய்வாகப் பார்த்தார்.

போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். டீச்சருக்குக் கோபமே இல்லை.

"நான் எழுதுனதும் சரி, நீங்க வாசிச்சதும் சரி, அலுமாரிதான் தப்பு."

எண்ணே வேண்டாம்

அத்தோடு எண்களின் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு விட்டுப்போயிற்று. இதற்கிடையில் பார்வதி அக்கா மறுபடி வந்து, முனியாண்டி அண்ணன் ஆறடி இரண்டு அங்குல உயரம் என்றார். ஆறடிக் கட்டிலில் கால் வெளியே தொங்கும். இருக்கும் இடத்துக்குச் சரியாக, முடிந்த அளவு நீளமாக ஒரு கட்டில் செய்ய வேண்டும். "எண் சொல்லாதீங்க அக்கா. எதால அளக்குறீங்களோ, அதையே கையில எடுத்துட்டு வாங்க" என்றேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

சொன்னபடியே வேலை முடிந்த கையோடு தன் மட்டக்கம்புடன் வந்து நின்றார். கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கும் கம்பு அது. முந்தின நாள் வீட்டில் அளந்தாராம். "ரெண்டு கம்பு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." கம்பை அளந்தேன். மூன்றடி இரண்டு அங்குலம். இரண்டு கம்பு என்றால் ஆறடி நான்கு அங்குலம்! கால் கணக்கில்தான் ஏதோ பிசகு என்று முடிவு கட்டி, தச்சு வேலை செய்யும் பாஸிடம் அந்த அளவையே கொடுத்தோம். நானாவுக்கு ஒரே சந்தோஷம்.

"ஆளுக்கு மேல ரெண்டு அங்குலம் மிச்சம், பாத்தியா? கம்புதான் சரி, இனி டேப்ப பெட்டியில போட்டு வை."

இரண்டு மைல்

கட்டில் தயாரானதும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மஸ்கெலியா டவுனிலிருந்து தன் லயத்துக்கு ரெண்டு மைல் என்று அக்கா சொல்லியிருந்தார். ஒரு மைல் ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அப்படிப் பார்த்தால் மூன்றே கால் கிலோமீற்றருக்குள் வந்துவிட வேண்டும். லொறி ஓட்டிய சுனில் அண்ணன் ஐந்தாவது கிலோமீற்றரில் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழியில் வந்த ஒருவரிடம் கேட்டோம். "அந்தா தெரியுதுல்ல, அரை மைலு" என்று கை காட்டினார். தெரிந்தது உண்மைதான். பாதைதான் நேராகப் போகாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போனது. அக்கா சொன்ன ரெண்டு மைல், தேயிலைக்குள் இறங்கி ஏறும் குறுக்கு வழியாம். ஏழாவது கிலோமீற்றரில் எஞ்சின் புகைந்தது. சிங்களவரான சுனில் அண்ணன், வழக்கம்போல் தம்பி என்பதற்கு மல்லி என்று போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மல்லி, தமிழ் மைல் வேற, சிங்கள மைல் வேறயா?"

பக்கத்து வீட்டுக் கமலா

கட்டிலை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தோம். ஒரு முனை அலுமாரியில் இடித்தது, மறுமுனை நாலு அங்குலம் குசினி வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அலுமாரியை நகர்த்தலாம் என்றால் அப்புறம் முன்கதவு திறக்காது. டேப்பைப் போட்டுப் பார்த்தேன்: அந்த இடம் சரியாக ஆறடி. காலால் அளந்ததுதான் சரியாக இருந்திருக்கிறது! "ரெண்டு கம்புதானே, ரெண்டு கம்புதானே" என்று அக்கா மூலையில் இருந்த மட்டக்கம்பை எடுத்து மறுபடி அளந்தார். இடிக்கத்தான் செய்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கமலா கம்பை உற்றுப் பார்த்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லாருடைய கம்பும் ஒன்றாகத்தான் சாத்தியிருக்குமாம்.

"இது ஏங்கம்புல்ல பார்வதி! ஒரு கெழமையா இதத்தானே தேடிக்கிட்டு இருக்கேன்."

நாலு அங்குலம்

அக்கா வீட்டில் அளந்தது தன் கம்பால், மறுநாள் கடைக்கு மாற்றி எடுத்துவந்தது கமலாவின் கம்பை. ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு அங்குலம் வெட்டினால் அவர் உயரத்துக்குக் காணாது. வெட்டாவிட்டால் வாசலை மறிக்கும். அக்கா அதற்குள் ஒருமுறை முழங்காலில் இடித்துக்கொண்டுவிட்டார். திருப்பி எடுத்துப்போனால் இன்னொரு கட்டில் வரும்வரை முனியாண்டி அண்ணன் அதே குளிர்ந்த தரையில். கம்பைக் கொண்டு வரச் சொன்னவன் நான்தானே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வெட்டிருங்க தம்பி, கால மடக்கிப் படுத்துக்குவாரு" என்றார் அக்கா. சுனில் அண்ணன் ரம்பம் எடுக்க லொறிக்குப் போனார்.

முனியாண்டி அண்ணன் அதுவரை தரையில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்து எழுந்து, மெல்ல வந்து கட்டிலில் சாய்ந்து காலை நீட்டினார். இரண்டு பாதமும் வாசலில் இருந்தன. உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். வலிக்கிறதாக்கும் என்று அக்கா பதறிப்போய்க் குனிந்தார். ரம்பத்தோடு சுனில் அண்ணன் உள்ளே வந்த நேரம் முனியாண்டி அண்ணன் வாய் திறந்தார்.

"வெட்டாதீங்க. அடுப்புச் சூடு பாதத்துல படுது. விழுந்த நாள்ல இருந்து மரத்துப் போயே கெடந்துச்சு, எனக்கு ரெண்டு காலு இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியுது."

இப்போதெல்லாம் மில்லிமீற்றரை அங்குலமாக்கவும் அங்குலத்தை அடியாக்கவும் எனக்குத் தடுமாறாமல் வருகிறது. அன்றைக்கு அளந்தது தப்பா சரியா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.