சித்தப்பா மறந்துபோன ஆட்டம்

என் சித்தியை மணந்தவர் செக் நாட்டுக்காரர். அங்கே சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடியவர். பல வருடம் வலைக்கு முன்னால் கோல் காப்பாளராக நின்று, முழங்கால் போன பிறகு மெல்பேர்னுக்கு வந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்பிரிங்வேலில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார்கள். அம்மா அவரைத் ‘தம்பி’ என்பார். அந்த நெடிய மனிதர் பணிவாக ‘ஓம் அக்கா’ என்பார்.

கிழமை நாட்களில் தொழிற்சாலையில் வெல்டிங். சனிக்கிழமைகளில் சிறுவர் குழுவுக்குப் பயிற்சி. அந்தக் குழுவில் வலைக்கு முன்னால் நிற்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. ஒன்பது வயதில் நான் அகப்பட்டேன்.

“தம்பி, பல்லுக் கில்லு உடைஞ்சா நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?” என்றார் அம்மா.

சித்தப்பா தன் முன்பல் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “நான் கட்டினன்தானே, அக்கா.”

“நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ கட்டினனான்” என்றார் சித்தி.

நான் சொல் கேட்கும் பிள்ளை. இன்று என் மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்குமுன் போத்தலை மூன்று தடவை வாசிக்கிறேன். அந்தக் குணம் அப்போதே இருந்தது. வலையை விட்டு அசையாதே என்று முதல் நாளே சித்தப்பா சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரு விதிவிலக்கும் சொன்னார். கடைசி நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தால் அவர் இரண்டு கைகளையும் உயர்த்துவார். நான் வலையை விட்டு வெளியே ஓடிவர வேண்டும். எனக்குப் பதிலாக, கோல் அடிக்க இன்னொரு பிள்ளை இறங்கும். தலையாட்டினேன்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. தோற்காவிட்டால் இறுதிச் சுற்று. அங்கே போய்விட்டால் சித்தப்பாவை முழுநேரப் பயிற்சியாளராக எடுப்பதாகக் கழகத்தார் சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டிய விலகல் கடிதத்தைச் சித்தி எழுதியே வைத்துவிட்டார்.

அன்று நான் நன்றாக நின்றேன். இதில் மட்டும் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஒரே ஒரு கோல்தான் விட்டேன். ஆனால் எங்களவர்கள் ஒன்றுகூட அடிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் சித்தப்பாவின் கைகள் உயர்ந்தன. கூச்சலில் குரல் கேட்கவில்லை. திரும்பி வலையைப் பார்த்தேன். அதுவரை அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. அதைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவதா? என்னைச் சோதிக்கிறாரோ? வேறு யாரையோ கூப்பிடுகிறாரோ? நினைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி நிமிடம் முழுக்க எதிர்ப்பக்கச் சுவரிலிருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த கழகச் செயலாளர் சிவந்த முகத்தோடு வந்தார். பிள்ளையை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று கேட்டார். என் தலைக்கவசத்தின் வாரைக் கழற்றியபடியே, “கூப்பிட மறந்துவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார் சித்தப்பா.

எனக்கு உயிர் வந்தது. அவர் கூப்பிடவே இல்லை. அப்படியானால் நான் சொல் தட்டவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

“சித்தப்பா என்னைக் கூப்பிட மறந்துபோட்டாராம்!”

“இதென்ன தம்பி? அதுக்குத்தானே உங்களை வைச்சிருக்கினம்?”

“மறந்துபோனன்” என்றார் சித்தப்பா, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

சித்தி அவரைப் பார்க்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, நடந்ததை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.