முழுசாக இறங்கிய படம்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தேவராஜ மொஹல்லாவில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அந்தக் காரணத்தை டெலிபோன் லைனே தந்துகொண்டிருந்தது. கீழே கடைக்கும் மாடியில் மாமியாருக்கும் ஒரே லைன். அவர் ரிசீவரை எடுத்தால் போதும், கீழே இணைப்பு அறுந்துபோகும். "மகேஸ்வரி, போன்ல என்னமோ கீச்சு கீச்சுங்குதே!" என்று படியில் நின்று வேறு கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்தக் கடைக்குத்தான் மாதேவியக்கா வந்தார். மார்க்கெட்டில் சொப்பு விற்பவர். கீரையை இந்தக் கன்னட ஊரில் தமிழர்களும் சொப்பு என்றுதான் சொல்வோம். கௌதள்ளிப் பக்கத்திலிருந்து கொத்தனார் புருஷனோடு பிழைக்க வந்தவர். புருஷன் போனபின் கீரைக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஒரே பையன் சேகரன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவன் காதைக் கொண்டுபோய்விட்டது, பேச்சும் வரவில்லை. அம்மாவும் பிள்ளையும் கையாலேயே ஒரு பாஷை பண்ணிக்கொண்டார்கள். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. கன்னத்தில் விரல் வழிந்தால் அழுகை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்கு, முறைக்கிற கண். வேறு யாராவது அப்படிப் பெயர் வைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவன் செய்து காட்டியபோது சிரிப்புத்தான் வந்தது.

சேகரன் தச்சு வேலை கற்றுக்கொண்டான். ஒரு தொண்டு நிறுவனம் அவனை மேற்பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியது. போகும் முன் வீட்டில் பெரிய சண்டை. அவன் கட்டிக்கொள்ள நினைத்த சௌம்யாவுக்கும் காது கேட்காது. தாய் தகப்பன் இல்லாத பெண். சாமராஜநகரில் தையல் வேலை செய்தாள்.

"ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா ராத்திரி கொழந்த அழுதா யாரு எந்திரிக்கறது? அதத்தான் கேட்டேன் கண்ணு, தப்பா?" என்று என்னிடம் பஞ்சாயத்து வைப்பார் அக்கா. "அந்தப் புள்ளயையும் நாலு வார்த்த கேட்டுட்டு வரலாம்னு பஸ் ஏறிப் போனேன். நின்னு கத்துனேன். அவளுக்கு எங்க கேக்குது? வெயில்ல வந்திருக்காளேன்னு தண்ணி மோந்து குடுத்தா. குடிச்சுப்போட்டு வந்துட்டேன்."

சேகரன் அம்மாவிடம் சொல்லாமலே கிளம்பிப் போய்விட்டான். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. பிள்ளை தன்னை அடியோடு வெறுத்துவிட்டானோ என்ற ஒரே கேள்விதான் அக்காவைத் தின்றுகொண்டிருந்தது. கீரை வாங்குகிறவர்களிடம்கூடச் சிடுசிடுத்தார்.

ஒருநாள் பயிற்சி மையத்திலிருந்து ஒரு கடிதத்தோடு வந்தார். மாணவர்கள் வீட்டாருக்குச் சொல்லும் சேதியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், இன்ன முகவரியில் பார்க்கலாம் என்றிருந்தது.

"இதுல எம்மவன் வாரானாமா. காட்டு கண்ணு."

போட்டேன். ஓடியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் கொஞ்சம் அசையும், அப்படியே உறையும், 'பஃபரிங்' என்று எழுத்து வரும், பிறகு நடுவில் எதையோ விழுங்கிவிட்டு வேறோரிடத்தில் முழிக்கும். சேகரன் இளைத்திருந்தான். கை மூக்கைத் தொட்டது. உறைந்தது. கன்னத்தில் விரல். மறுபடி உறைந்தது. பிறகு கை வேகமாக வெளியே வீசியது. அதோடு லைன் போயிற்று.

அக்கா எழுந்துவிட்டார். "அம்மா, அழ வெச்சியே, போ. அதான் சொல்றான்."

"இருங்க, இன்னொரு தடவ போடறேன்."

"எதுக்கு? ஒருக்காப் பார்த்தது பத்தாதா?"

மறுநாள் மார்க்கெட்டில் அவர் இடம் காலியாக இருந்தது. அடுத்த நாளும் வரவில்லை. எனக்குச் சேகரன் மேல் அப்படியொரு ஆத்திரம். பெற்றவளை இப்படியா சொல்வான் என்று அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவன் சொன்னதில் பாதியை என் லைன் தின்றிருக்கிறது. கை பேசுகிற பேச்சில் நடுவில் நாலு அசைவு போனால் என்ன மிஞ்சும்?

அதே படம் அங்கே பெரிய கோப்பாகவும் இருந்தது. எங்கள் லைனில் அதை ஓடவிட்டுப் பார்க்கவே முடியாது. முழுசாக இறக்கிச் சேமித்துவைத்து, பிறகு பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குப் போய் டெலிபோனையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் மாமியார்.

"ஆமா. சாயங்காலம் தெளிஞ்சிடும்."

அப்படியும் லைன் அறுந்து அறுந்துதான் வந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு கொடுத்த சிடியில் ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. அறுந்த இடத்திலிருந்தே மறுபடி இறக்கும். மதியத்துக்குள் படம் முழுசாக வந்து சேர்ந்தது. ஓடவிட்டுப் பார்க்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். வர மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஒயரெல்லாம் புடுங்கிக் கெடக்குதே, எப்படி வருவான்?"

"இந்தப் பெட்டிக்குள்ளயே வாங்கி வெச்சுட்டேன்க்கா. இனி நிக்காது. பாருங்க."

சேகரன் நிற்காமல் பேசினான். மூக்கைத் தொட்டான். விரலில் ஊசி பிடித்துத் தைத்தான். கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"அடப்பாவி! தாலி கட்டிப்போட்டானா?"

நான் மௌஸைத் தொடப்போனேன். "உடு!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

சேகரன் வயிற்றைக் காட்டினான். இரண்டு கையையும் சேர்த்து மெதுவாக ஆட்டினான். கன்னத்தில் விரல் வழிந்தது. தன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையாட்டினான். பிறகு நேரே எங்களைப் பார்த்து விரல் நீட்டி, தன் காதைத் தொட்டு, கையை வெளியே வீசினான்.

படம் முடிந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா சொல்றான்?"

"சௌம்யா முழுகாம இருக்காளாம். கொழந்த அழுதா அவளுக்குக் கேக்காது, உனக்குத்தான் கேக்கும், நீ போங்கறான்."

"இத ஒரு லெட்டர்ல எழுதக் கூடாதா, பாவி?"

"காயிதத்த எனக்கு ஊரான் ஒருத்தன்தான படிச்சுச் சொல்லோணும்? ஊரான் வாயிலயா இதக் கேக்கறது?" என்றார். எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டார். பிள்ளை கூப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷமும், அந்தப் பெண்ணிடம் போய்க் கத்தினோமே என்ற வெட்கமும் ஒன்றாக அந்த முகத்தில் இருந்தன.

"அவனுக்கு மெயில் போடறேன்க்கா. என்ன எழுதட்டும்?"

"சாமராஜநகர் பஸ் ஏறிட்டேன்னு எழுது."

"இன்னும் ஏறலையே."

"நீ அத அனுப்பி முடிக்கறதுக்குள்ள எறங்கியே இருப்பேன், போ."